கயிற்றை விட்டால் நிற்கும் குதிரை

மச்சான்,

இன்று காலையில் மருமகள் அடுப்பில் கொள்ளு வேகவைத்தாள். உடம்பு இளைக்க நல்லது என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பேப்பரில் பெரிய எழுத்துகளை மட்டும் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். வெந்த கொள்ளின் வாசனை வந்தால் அதன் பின்னாலேயே ஒரு குதிரை பல்லைக் காட்டிக்கொண்டு வரும். குதிரைக்குப் பின்னால் நீ வருவாய், நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு.

சிரிக்காதே. நான் எழுதக் கற்று எட்டு மாதம் ஆகிறது. கவரைப்பேட்டையில் சாயங்காலம் பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு மீன்காரி, முன்னால் லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர். மூன்று பேரும் ‘ஞ’ போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வோம். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் ஆகிறது. ஆனால் என்ன சந்தோஷம், மச்சான்! வாயில் வந்து வந்து திரும்பிப் போனதை எல்லாம் கை எழுதிவிடுகிறது. உன் பெயரையும் எழுதப் பழகிவிட்டேன். இதில் எழுதவில்லை. தங்கச்சி புருஷனான நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. பிடிக்காததை நீ எப்படிச் சொல்வாய் என்று என் முதுகுக்குத் தெரியும்.

மொளகாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உன் வலது கையைப் பற்றியும்.

அப்போது நான் கிண்டியில், ரேஸ் குதிரைகள் கட்டும் லாயத்தில் இருந்தேன். குதிரையைத் தேய்ப்பது, தீனி வைப்பது, சாணி அள்ளுவது, கையில் பிடித்து நடத்துவது என் வேலை. ஏறி ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். மொளகாவுக்கு முதலாளி இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. மிளகாய் மாதிரி எரிகிற குணம், அதனால் மொளகா. ஒருவனுடைய கட்டைவிரலை அது எடுத்தது. இன்னொருவனை விலாவில் உதைத்ததில் அவன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். என் தோள், முதுகு, தொடை என்று அது பல் வைக்காத இடம் குறைவு. மூன்று வருடம் அதைப் பார்த்துக்கொண்டேன். ஏன் விடவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காலையில் அதன் கழுத்தில் கன்னத்தை வைத்தால் அடுப்பு மாதிரி சுடும். அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு பந்தயத்தில் கடைசி வளைவில் அதன் முன்னங்கால் நரம்பு அறுந்தது. மீதி மூன்று காலில் ஓடி எல்லையைத் தாண்டிய பிறகுதான் விழுந்தது.

இரண்டு வாரம் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, முதலாளி வந்தார். “இனிமே இது ஓடாது. யாராவது கூட்டிக்கிட்டுப் போனா சும்மாவே குடுத்துடு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் வரலேன்னா டாக்டர் வருவார்” என்றார்.

டாக்டர் வந்தால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். லாயத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். குதிரையை அங்கே நடத்திக்கொண்டு போவதும் என் மாதிரி ஆள்தான். டாக்டர் சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுப்பார். இடது காதிலிருந்து வலது கண்ணுக்கு ஒரு கோடு, வலது காதிலிருந்து இடது கண்ணுக்கு ஒரு கோடு. இரண்டும் நெற்றியில் வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடத்தில் துப்பாக்கியை வைப்பார். குதிரை உட்காருவது மாதிரி விழும். கயிறு நம் கையில் இருப்பதால் அது விழும் கனம் தோள் வரைக்கும் வரும். இந்தச் சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியாரம்மா கரும்பலகையில் பெருக்கல் குறி போட்டபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் காரணம் கேட்டார். சிறுநீருக்கு என்றேன்.

இப்போது நான் சொல்லவேண்டியது வருகிறது. ஜட்கா குதிரை லகானை இழுத்தால் நிற்கும். ரேஸ் குதிரைக்கு வாயில் இரும்பைக் கவ்விக்கொண்டு, அதன்மேல் சாய்ந்து ஓடப் பழக்கம். இழுக்க இழுக்க வேகம் பிடிக்கும். எல்லாக் குதிரையும் ஒரே மாதிரி இல்லை, சிலது அடங்கும். மொளகா அடங்காது. இழுத்தால் ஓடும், சாட்டை பட்டால் பறக்கும். அதை நிறுத்த ஒரே வழி கயிற்றை விட்டுவிடுவது. ஓட்டுகிறவன் லகானைத் தளர்த்திக் கழுத்தில் போட்ட உடனே நாலு எட்டில் நின்று தலையைத் தொங்கப்போட்டுவிடும். லாயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ரயில் ஏறித் திருவள்ளூர் வந்தேன். செவ்வாப்பேட்டை தாண்டும் வரைக்கும் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். உன் குதிரை செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வெறும் ஜட்கா வண்டி வீட்டில் நிற்க, நீ ரயிலடியில் மூட்டை தூக்கிக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர்களோடு தினம் ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். நான் வந்து இறங்கியபோதும் ஒருவன் சட்டையை நீ பிடித்திருந்தாய்.

“இர்றா, என் மாப்ள வந்துக்கிறான். உன்ன அப்பால வெச்சிக்கிறேன்” என்று அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தாய். “நாஷ்டா துன்னியா மாப்ளே?”

“குதிர ஒன்னு இருக்குது மச்சான். சும்மாவே தராங்க.”

“சும்மாவா? இன்னா, குருடா?”

“கால்ல அடி. தண்ணில நிக்க வெச்சா மூணு மாசத்துல சரியாப் பூடும். ரேசுக்குத்தான் ஆவாது, வண்டிக்கு ஆவும்.”

“கொணம்?”

“பூன மாதிரி” என்றேன்.

மறுநாள் நீ லாயத்துக்கு வந்தாய். அந்தக் காட்சியை எழுதும்போதே சிரிப்பு வந்து எழுத்து கோணலாகிறது. கதவைத் திறந்து, “எங்கடா பூன?” என்று நீ உள்ளே தலையை நீட்டியதுதான். மொளகா உன் தோளைக் கவ்வித் தரையிலிருந்து தூக்கியது. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். நீ அலறவில்லை. தொங்கிக்கொண்டே அதன் காதை எட்டிப் பிடித்து, வாய்க்குள் வைத்துக் கடித்தாய். லாயமே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. இரண்டு பேரும் விடவில்லை. உன் சட்டையெல்லாம் ரத்தம், அதன் காதெல்லாம் ரத்தம். கடைசியில் அதுதான் முதலில் விட்டது. நீ தரையில் துப்பிவிட்டு, “உப்பு கரிக்குதுடா” என்றாய். பிறகு அதை ஏற இறங்கப் பார்த்தாய். “இது நம்ம ஊட்டு ஆளு மாப்ளே. இட்டுக்கினு போலாம்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். கடிப்பதை நீ பொறுத்துக்கொள்வாய், உதைப்பதையும் பொறுத்துக்கொள்வாய். இழுத்தால் நிற்காத குதிரையை எந்த ஜட்காக்காரனும் பொறுக்க மாட்டான். சொன்னால் கயிற்றை என் மூஞ்சியில் எறிந்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போயிருப்பாய். அன்று புதன்கிழமை. வெள்ளிக்குள் வேறு ஆளை எங்கே தேடுவேன்? வாயை மூடிக்கொண்டேன்.

பூந்தமல்லி வழியாக இரண்டு நாள் நடத்திக்கொண்டு வந்தோம். மூன்று மாதம் ஏரித்தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் நிற்கவைத்தாய். அந்த மூன்று மாதத்தில் அது உன் கொட்டகைச் சுவரை இரண்டு முறை உதைத்துத் தள்ளியது, ஒரு சேவலைத் தலையில் மிதித்துக் கொன்றது. நான் லீவில் வந்தபோதெல்லாம் கன்னியம்மா என்னைப் பிடித்துக்கொள்வாள். உன் மனைவி என்றாலும் அவள் எனக்குத் தங்கை முறை, பேச்சில் தயவே இருக்காது.

“ஏண்ணே, இந்த ஊட்ல ஏற்கெனவே ஒன்னு ஒதைச்சிக்கினு கீது. அது பத்தாதுன்னு இன்னொன்னு கொணாந்து கட்டிட்டுப் போறியா?”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கன்னத்தில் ஒரு வீக்கம் இருந்தது. அன்று அதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். இன்று எழுதுகிறேன். நல்லவனாக இருந்தாய் என்று எழுதுவதற்காக இந்த எழுத்தை நான் கற்கவில்லை.

வண்டியில் பூட்டிய முதல் வாரம் நீ லகானைத் தொடவே இல்லை. கால் பழக வேண்டும் என்று தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாய். மொளகா ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் வந்தது. ‘பார், நிற்கிறது, போகிறது, இனிமேல் சொல்லவே வேண்டாம்’ என்று நினைத்துக்கொண்டு நான் ரயில் ஏறினேன். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மனதில்தான் நினைத்தேன்.

தை அமாவாசை அன்று வந்தேன். அந்த நாளில் திருவள்ளூர் எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதத் தேவையில்லை. வெல்லமும் உப்பு மிளகும் மடியில் கட்டிக்கொண்டு, குளத்தில் முழுக ரயில் ரயிலாக ஜனம் இறங்கும். மொளகாவின் மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டும் முதல் நாள் உனக்கு அன்றுதான். அதற்குச் சந்தனம் வைத்திருந்தாய். உள்ளே ஐந்து பேரை ஏற்றினாய். என்னை உன் பக்கத்தில் பலகையில் உட்காரவைத்தாய்.

ஏகாம்பரம் உனக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஜட்கா ஸ்டாண்டில் உனக்கும் அவனுக்கும் ஆகாது. அவனிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை, நல்ல குதிரை.

“இன்னாடா, நொண்டிக்குப் பொட்டு வெச்சி இட்டாந்துக்கிற? கோயிலுக்கா, சுடுகாட்டுக்கா?” என்று திரும்பிப் பார்த்துக் கேட்டுவிட்டு அவன் குதிரையைத் தட்டினான்.

நீ சாட்டையை எடுத்தாய்.

ஒரு அடி. அவ்வளவுதான். என் முதுகு வண்டிக் கூண்டில் மோதியது. உள்ளே பெண்கள் “பெருமாளே” என்று கத்தினார்கள். கடைத்தெரு இரண்டு பக்கமும் தண்ணீர் மாதிரி பின்னால் ஓடியது. முன்னால் ஒரு குதிரை ஓடினால் அதைத் தாண்டவேண்டும், மொளகாவுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். நீ லகானை இழுத்தாய். அது தலையைத் தாழ்த்தி இன்னும் வேகம் எடுத்தது. நீ இரண்டு காலையும் பலகையில் ஊன்றி, எழுந்து நின்று, மல்லாந்து இழுத்தாய். உன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “இஸ்காத மச்சான்! வுடு! கயித்த வுடு!”

“இன்னாடா ஒளர்ற!”

“வுட்டா நின்னுடும்! வுடு!”

யாராவது விடுவார்களா? பிறந்ததிலிருந்து இழுத்தால் நிற்கும் என்று பழகிய கை. நீ லகான் வாரை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இன்னும் இழுத்தாய்.

குளத்துத் தெருவின் திருப்பத்தில் ஏகாம்பரத்தின் வண்டியில் மோதினோம். எங்கள் வண்டியின் ஏர்க்கால் அவன் குதிரையின் விலாவுக்குள் போனது. சக்கரம் கழன்று தேங்காய்க்கடைக்குள் ஓடியது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராகத் தெருவில் கொட்டினார்கள். ஒரு அம்மாவுக்குப் பல் போனது, ஒருவருக்குக் கால் முறிந்தது, உயிர் யாருக்கும் போகவில்லை. நான் பூக்காரியின் கூடை மேல் விழுந்து தப்பித்தேன். நீ விழுந்தாய், ஆனால் வார் உன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. மொளகா உன்னையும் பாதி வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. திருப்பத்துக் கல்தூணுக்கும் அச்சுக்கும் நடுவில் உன் கை மாட்டியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்து தெரியவில்லை.

வார் அறுந்தது. லகான் தளர்ந்தது. மொளகா நாலு எட்டு வைத்து நின்றது. பக்கத்தில் கிடந்த வாழையிலையை எடுத்து மெல்ல ஆரம்பித்தது.

நீ தரையில் கிடந்தபடி அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உன் கை தோளிலிருந்து தொங்கிய விதத்தை நீ இன்னும் பார்க்கவில்லை.

“வுட்டா நிக்குது” என்றாய். “உனுக்கு முன்னாடியே தெரியுமா மாப்ளே?”

“தெரியாது மச்சான். இப்பதான் ஒரு ரோசன வந்துது” என்றேன்.

அந்த நேரத்தில் ஏகாம்பரத்தின் குதிரை கத்தியது. அதன் குடல் தெருவில் கிடந்தது. அங்கே டாக்டரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, சாக்குக்கட்டியும் இல்லை. ஏகாம்பரமே அழுதுகொண்டு ஒரு கடப்பாரையை வாங்கி அதன் தலையில் போட்டான். மூன்று முறை போடவேண்டியிருந்தது. பிறகு அதே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மொளகாவை நோக்கி வந்தான். அவன் பின்னால் ஸ்டாண்டு ஆட்கள் சக்கரத்து ஆரக்கால்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள்.

நீ எப்படி எழுந்தாய் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. தொங்கும் கையை மற்ற கையால் வேட்டிக்குள் செருகிக்கொண்டு குதிரைக்கு முன்னால் நின்றாய்.

“என்ன அட்ச்சிட்டு அப்பால அத தொடுங்கடா!”

“ஒத்து நில்லு! என் குதிரய கொன்னுட்டு நிக்குது அது!” என்றான் ஏகாம்பரம்.

“கொன்னது நானு. சாட்ட எட்த்தது நானு. என்ன அடி!”

அடித்தார்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. நீ இடது கையால் ஒருவன் மூக்கை உடைத்தாய், தலையால் ஒருவன் தாடையை முட்டினாய். ஆரக்கால் ஒன்று உன் தலையில் இறங்கி, நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. எனக்கும் இரண்டு விலா முறிந்தது. நீ கீழே விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே ஒருவன் காலைக் கடித்துக்கொண்டு என்னிடம் கத்தினாய். “இட்டுக்கினு போடா! நிக்காத! எங்கியாச்சும் இட்டுக்கினு போ!”

நான் குதிரையைப் பாதி வண்டியிலிருந்து அவிழ்த்து, அதன் வாயிலிருந்த இரும்பைக் கழற்றி எறிந்தேன். பிடரியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மொளகா என்னோடு ஓடிவந்தது.

உன் கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள் என்று பெரியபாளையத்தில் ஒரு லாரிக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை, லாயம் எல்லாவற்றையும் விட்டு, கொட்டகை கேட்டுக்கொண்டு அந்தக் குதிரையோடு வடக்கே நடந்தேன். இந்த முறை போன இடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். இழுத்தால் ஓடும், அடித்தால் பறக்கும், விட்டால் நிற்கும், நடுவில் கடிக்கும். ஒரு நெல் வியாபாரி நாயை ஏவினார். மொளகா அந்த நாயைச் சுவரில் அடித்து ஒட்டிவிட்டது. ஒரு செங்கல் சூளையில் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டு, “சோளக்கொல்லக்கிப் பொம்ம வேணும், நீ வேணா இரு. குதிர வேணாம்” என்றார்கள். கவரைப்பேட்டையில் ஒருவன் எதுவும் கேட்காமல் முதுகில் தாவி ஏறினான். அவனை ரயில் ரோட்டுச் சரளையில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்கு வந்தபோது எனக்குக் காலில் செருப்பு இல்லை. கரையில் அஞ்சலை என்று ஒரு அம்மா மீன்கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஏரியிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலடி வரைக்கும் தினம் தலைச்சுமை, கழுத்து உள்ளே இறங்கிப்போயிருந்தது. மொளகாவை மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் கரையில் அதற்கு முன் குதிரையே வந்ததில்லை.

“இன்னா நைனா இது, இம்மாம் ஒசரம்? மாடா, கய்தயா?”

“குதிர. ஊடு தேடிக்கினு கீது” என்று என் பாடத்தை ஒப்பித்தேன். இழுத்தால் ஓடும், அடித்தால் பறக்கும்.

“எங்களுக்குக் குதிர ஓட்டவே தெரியாதே” என்றாள். “யாரு இஸ்கப் போறா, யாரு அடிக்கப் போறா? சாட்டன்னா இன்னான்னே இங்க தெரியாது.”

“கடிக்கும்.”

“என் புருஷங்கூடத்தான் கடிப்பான். கூட தூக்குமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். குதிரையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் அதைக் கொல்லப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியாதவள் கொட்டகையைக் காட்டினாள்.

இரண்டு பக்கமும் கூடை கட்டினோம். அவள் முன்னால் நடந்தாள். வாயில் இரும்பு இல்லை, கழுத்தில் சும்மா ஒரு வலைக்கயிறு, அதையும் அவள் பிடிக்கவில்லை. தாண்டிப் போக அந்தக் கரையில் வேறு குதிரையும் இல்லை. மொளகா அவள் பின்னால் மீன் நாற்றத்தைத் துப்பிக்கொண்டே போனது. உப்புத்தண்ணீர் அதன் காலுக்கு நல்லது செய்தது. பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தது. அஞ்சலையை இரண்டு முறை கடித்தது, இரண்டு முறையும் அவள் மீன்கூடையால் அதன் மூக்கிலேயே போட்டாள். செத்தபோது குப்பமே சேர்ந்து மணலில் குழி வெட்டியது.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாததற்கு வருகிறேன்.

நான் கவரைப்பேட்டை அரிசி மில்லில் மூட்டை தூக்க வந்தேன். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது நீயும் கன்னியம்மாவும் இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள். ஒற்றைக் கையோடு உனக்கு ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ஒற்றைக் கை ஆன பிறகு வீட்டில் உன் கை நீளுவது நின்றது என்று கன்னியம்மா உன் தங்கச்சியிடம் சொன்னாளாம். “மிச்ச கையில சோறு துன்னணுமே, அதான்” என்றாளாம். நாம் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி எதிரே டீக்கடையில் உட்காருவோம். ‘முன்னாடியே தெரியுமா’ என்ற அந்தக் கேள்வியை நீ மறுபடி கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிறு அங்கே ஏகாம்பரம் வந்தான். ஜட்காவெல்லாம் போய், வேலை கேட்டு வந்திருந்தான். உன்னைப் பார்த்தான், மடித்துக் கட்டிய சட்டைக்கையைப் பார்த்தான். சண்டை போடும் முகமில்லை, களைத்த முகம். டீ வாங்கிக்கொண்டு நம் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைக் காட்டி உன்னிடம் சொன்னான்.

“உனுக்கு இன்னுமா வெளங்கல? ரேசு குதிர இஸ்தா ஓடும்னு அங்க சாணி அள்றவனுக்குக்கூட தெரியும். இவன் தெரிஞ்சேதான் உன் தலைல கட்னான்.”

நீ டீ கிளாசைக் கீழே வைத்தாய். மெதுவாக, சிந்தாமல் வைத்தாய். இடது கையை மடக்கி அவன் வாயில் விட்டாய். அவன் பெஞ்சோடு பின்னால் விழுந்தான். அவன் மேல் ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு விட்டாய்.

“என் மாப்ளக்கித் தெரிஞ்சிருந்தா சொல்லிக்கிருப்பான்டா! தெரியாதுன்னு சொன்னான். என் மூஞ்சப் பாத்துச் சொன்னான்!”

ஏகாம்பரம் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். அவன் சொன்னது நிஜம். என்னால் குதிரையை இழந்தவன் அவன். நிஜத்தைச் சொன்னதற்கு அந்தப் பல் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “வுடு மச்சான், போதும்” என்று உன் தோளைப் பிடித்து எழுப்பினேன். கம்பெனியில் உன்னை ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அந்த மாதம் முழுவதும் நீ என்னிடம் முகம் சுளிக்கவில்லை.

நீ போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அடிதடியிலே போவாய் என்று ஊரே சொன்னது. நீயோ காய்ச்சலில், பகலில், தூங்கும்போது போனாய். கடைசி வாரம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. நீ கண்ணைத் திறந்து, “இன்னா மாப்ளே, பேஜாரா கீறே?” என்றாய். ஒன்றுமில்லை என்றேன்.

தெரியும், மச்சான். எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் குதிரைக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, அதற்கு உன் கையைக் கொடுத்தேன், ஏகாம்பரத்தின் குதிரையைக் கொடுத்தேன். மறுபடி அந்தப் புதன்கிழமை வந்தால் என்ன செய்வாய் என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். சொல்லிவிடுவேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பன்னிரண்டு வருடம் ஏரிக்கரையில் அது வாலை ஆட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்தவன் நான். அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன்.

நீ ஊரில் எல்லாரையும் அடித்தாய். ஸ்டாண்டில் அடித்தாய், ரயிலடியில் அடித்தாய், வீட்டில் அடித்தாய், எனக்காகவும் அடித்தாய். எனக்கு வரவேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை. அது இங்கேதான், இடது கன்னத்துக்குப் பக்கத்தில், இத்தனை வருடமாக ஓங்கியபடியே நிற்கிறது. அதோடுதான் சாப்பிடுகிறேன், அதோடுதான் தூங்குகிறேன். பாரம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், பழகிவிட்டது.

நாளைக் காலையில் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போகிறேன். அவளுக்கு எழுத்து தெரியாது. நான்தான் கூட்டிக் கூட்டிப் படித்துக்காட்டவேண்டும், அவள் கன்னத்து வீக்கத்தையும் சேர்த்து. மதியம் ஆகிவிடும். எண்பது வயதிலும் அம்மியில் அரைக்கிறாள், மச்சான். கை நல்ல பலமாக இருக்கிறது.